ஒத்தையில் போகக்கூடாது

கோவில்பட்டியில் ரயில் பாதைக்குக் கீழ்ப்புறம், கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளத்தைச் சுற்றி வளர்ந்த தெருக்களுக்குக் கல்லுக்கிடங்கு என்று பெயர். புதூர்ப் பக்கம் மழை பொய்த்து, ஆடுகளை விற்றுவிட்டுப் பிழைக்க வந்தவர்கள்தான் அங்கே பாதிப் பேர். முப்பிடாதியும் அவள் புருசன் ஜெயபாண்டியும் அப்படி வந்தவர்கள். அவன் லோடு ஆட்டோ ஓட்டினான். அவள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போனாள். காவியா என்று ஒரே மகள், ஒன்பதாவது படித்தாள்.

ஜெயபாண்டியை வெட்டியது அடுத்த தெரு முனீஸ்வரன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டாளிகளோடு குடித்துக்கொண்டிருந்தவனிடம், ஆட்டோ போக வழி வேண்டும், பைக்கை எடு என்று ஜெயபாண்டி சொல்லியிருக்கிறான். வார்த்தை தடித்தது. மறுநாள் சாயங்காலம் முனீஸ்வரன் அரிவாளோடு வந்தான். முப்பிடாதி அப்போது குழாயடியில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் ஓடிப் போவதற்குள் முடிந்துவிட்டது. குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

அவள் அழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிரேதத்தை வாங்கும்போதும் அழவில்லை. பால் ஊற்றி வந்த மறுநாள், வீட்டு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். சொந்தக்காரப் பெண்கள், "அழுதுரு தாயி, அழுதாத்தான் நெஞ்சு ஆறும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலையில் கிருஷ்ணவேணியும் துட்டி கேட்க வந்திருந்தாள். தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள். கல்லுக்கிடங்கில் மாதம் தவறாமல் யாராவது அரிவாளை எடுப்பான். போலீஸ் வந்து, கையில் சிக்கியவனைத் தூக்கிக்கொண்டு போகும். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஆள் மாறிக் கொண்டுபோன பெயின்டர் ஒருவன், நடக்க முடியாமல் திரும்பி வந்தான். அதற்குப் பிறகுதான் கிருஷ்ணவேணி மூன்று பெண்களைச் சேர்த்தாள். அதில் முப்பிடாதியும் ஒருத்தி. எங்கே வெட்டுக்குத்து நடந்தாலும் போய்ப் பார்ப்பார்கள். யாரைப் போலீஸ் பிடித்தாலும் இரண்டு பேர் போய் ஸ்டேஷன் வாசலில் உட்காருவார்கள். சத்தம் போடக் கூடாது, வாதாடக் கூடாது. கோர்ட்டுக்கு எப்போது கொண்டுபோவீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். கண்ணால் பார்த்ததைத் தூத்துக்குடியில் இருக்கும் வக்கீலம்மாவுக்குப் போனில் சொல்ல வேண்டும். ஒத்தை ஆளாகப் போகக் கூடாது. ஒருத்தி சொன்னால் பொய் என்று சொல்லிவிடுவார்கள்.

கிருஷ்ணவேணியின் போன் துட்டி வீட்டிலேயே அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பதறிப்போன ஒரு பெண்குரல் உள்ளே வரைக்கும் கேட்டது. முனீஸ்வரனின் அம்மா பாண்டிச்செல்வி. கழுகுமலையில் அவள் தங்கச்சி வீட்டில் ஒளிந்திருந்த மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

"அடிச்சே கொன்னுருவாவ வேணி. நீ போயி அங்கன உக்காரு. நான் பஸ் ஏறி வாரேன்."

கிருஷ்ணவேணி உள்ளே வந்து பையை எடுத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. முப்பிடாதி கேட்டாள்.

"கூட யாரு வாரா?"

"யாருமில்ல. வனிதா பிரசவத்துக்குப் போயிருக்கா. இன்னொருத்தி புதியம்புத்தூர்ல தையல் வேலைக்கு நிக்கா. நான் பாத்துக்கிடுதேன். நீ இரு."

முப்பிடாதி எழுந்து சேலையை உதறிக் கட்டினாள். வாசலில் ஜெயபாண்டியின் அண்ணன் உக்கிரபாண்டி, ஊரிலிருந்து வந்த ஆட்களோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஸ்டேஷனுக்கு, அத்தான்."

"என்னத்துக்கு?"

"முனீசைப் புடிச்சிருக்காவளாம். வேணியக்கா ஒத்தையில போகுது."

அவர் எழுந்துவிட்டார். "ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? பதினாறு கழியல. எந்தம்பிய வெட்டினவனுக்கு நீ காவலுக்குப் போறியா?"

முப்பிடாதி படியிறங்கினாள். வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டாள். கிருஷ்ணவேணி, "வேண்டாம் முப்பிடாதி, சொன்னாக் கேளு" என்று தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு அவளும் சேர்ந்து நடந்தாள்.

ஸ்டேஷன் வாசலில், பிடித்து வைத்திருந்த பைக்குகள் துருப்பிடித்துக் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜீப் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. பின்கட்டிலிருந்து சத்தம் வந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது மாதிரி. நடுவில் ஒரு கத்தல். மறுபடியும் துணி. கிருஷ்ணவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முப்பிடாதி தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். சந்தோசமாக இருக்கிறதா என்று பார்த்தாள். பாவமாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. நாக்கு வறண்டிருந்தது. அதுதான் தெரிந்தது.

காவலுக்கு நின்ற ஏட்டு அவளை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் எஸ்.ஐ. கூப்பிடுவதாக வந்து சொன்னார். அவளை மட்டும்.

எஸ்.ஐ. நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வாங்கிவரச் சொன்னார். நல்ல விதமாகத்தான் பேசினார்.

"நீ எதுக்கும்மா இந்தப் பொம்பளைங்க கூடச் சேர்ந்துக்கிட்டு? உனக்காகத்தான் இங்க எல்லாரும் தூங்காமக் கிடக்கோம். வா, வந்து பாரு."

பின்னாலிருந்த அறையில் முனீஸ்வரன் ஜட்டியோடு சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தான். மணிக்கட்டுக்கு மேலே, மடங்கக் கூடாத இடத்தில் அது மடங்கியிருந்தது. பாதங்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஒன் தாலிய அறுத்தவன். ஒனக்கு என்ன தோணுதோ செய்யி. நாங்க யாரும் பாக்கல" என்றார் எஸ்.ஐ. லத்தி மேசை மேல் இருந்தது. அதைக் கண்ணால் காட்டினார்.

முனீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். யார் வந்திருக்கிறார்கள் என்று முதலில் அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் சுவரோடு ஒட்டினான். "எக்கா" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். அரிவாளை ஓங்கிய கை அதுதான் என்பது ஞாபகம் வந்தது. ஞாபகம் மட்டும்தான் வந்தது.

"இவனுக்குக் கை ஒடிஞ்சிருக்கு சார். எப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீங்க? கோர்ட்டுக்கு எப்ப?"

எஸ்.ஐ. அவளையே பார்த்தார். "புடிக்கப் போகையில பாலத்துல இருந்து குதிச்சான். அதுல ஒடிஞ்சது" என்றார். பிறகு ஏட்டைப் பார்த்து, "இந்தம்மாவ வெளிய கொண்டு விடுங்க" என்றார். டீ வந்திருந்தது. அதை யாரும் அவளிடம் கொடுக்கவில்லை.

வெளியே பாண்டிச்செல்வி வந்துவிட்டிருந்தாள். முப்பிடாதியைக் கண்டதும் கிட்டே வரப் பயந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலிலேயே நின்றாள். கிருஷ்ணவேணி வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு முப்பிடாதியின் காதில் வைத்தாள். பார்த்ததை அவள் அப்படியே சொன்னாள். கை, பாதம், லத்தி, பாலம். பேசி முடித்த பிறகு பார்த்தால் பாண்டிச்செல்வி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"எம்புள்ள எப்படி இருக்கான்?"

உள்ளே போய் அவனைப் பார்த்தவள் முப்பிடாதி ஒருத்திதான். வேறு யாரும் சொல்ல முடியாது.

"கை ஒடிஞ்சிருக்கு. உசுரு இருக்கு. பேசுதான்."

பாண்டிச்செல்வி சடக்கென்று குனிந்தாள். முப்பிடாதி கால்களை இழுத்துக்கொண்டாள்.

"என்னத் தொடாத."

மத்தியானத்துக்கு மேல் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டுப் போட்டு, பொழுது சாய்வதற்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். அவன் அங்கேயும் பாலத்திலிருந்து குதித்ததாகத்தான் சொன்னான். ஜெயிலுக்கு வேன் கிளம்பும் வரைக்கும் இருந்துவிட்டு இரண்டு பெண்களும் வீடு திரும்பினார்கள்.

வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து போயிருந்தார்கள். உக்கிரபாண்டி மட்டும் இருந்தார். "பதினாறு காரியத்தை நாங்க ஊருல வச்சுக்கிடுதோம். நீ வரவேண்டாம்" என்றார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவள் சரியென்றாள்.

காவியா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவ வெட்டினவனுக்கு நீ ஏன்மா போன?"

"வேணியக்கா ஒத்தையில போச்சு."

"அவ்வளவுதானா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "அவ்வளவுதான்" என்றாள். காவியா எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் வெகு நாள் அம்மாவிடம் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள்.

வக்கீலம்மா மேலே எழுதிப் போட்டு, விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். முப்பிடாதி பார்த்ததைச் சொன்னாள். அதற்கு முந்தின நாள் உக்கிரபாண்டி ஆள் அனுப்பியிருந்தார். நீ இப்படிச் சொன்னால் போலீஸ் மேல் பழி விழும், கொலைக் கேஸ் நிற்காது, தம்பி ரத்தத்துக்கு நியாயம் கிடைக்காது என்று. தெருவிலும் அதைத்தான் சொன்னார்கள். குழாயடியில் அவள் குடத்துக்கு யாரும் இடம் விடவில்லை. எல்லாரும் பிடித்துப் போன பிறகு கடைசியில் பிடித்துக்கொண்டாள். எஸ்.ஐ.யை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான் நடந்தது. அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள், வந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் சாப்பிட்டாள். ஜெயபாண்டியின் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தாள். ஏன் துவைக்கிறோம் என்று நடுவில் ஒருமுறை தோன்றியது. பாதியில் விடவேண்டாமென்று துவைத்து முடித்தாள்.

கேஸ் தூத்துக்குடி கோர்ட்டுக்கு வர இரண்டு வருசம் ஆயிற்று. கண்ணால் பார்த்த சாட்சி அவள். வேறு யாரும் முன்வரவில்லை. கூண்டில் ஏறி, முனீஸ்வரனைக் காட்டி, "இவன்தான் வெட்டினான்" என்றாள். எங்கே நின்றிருந்தாள், முதல் வெட்டு எங்கே விழுந்தது, எல்லாம் சொன்னாள். அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. முனீஸ்வரன் தரப்பு வக்கீல் எழுந்தார்.

"ஸ்டேஷன்ல வச்சு இவர் கையைப் போலீஸ் ஒடிச்சதா நீங்கதானே விசாரணையில சொன்னது?"

"ஆமா."

"அப்ப போலீஸ் அடிச்சு ஒத்துக்க வச்ச கேஸ்தானே இது?"

"அடிச்சது நெசம் சார். சத்தத்தக் கேட்டேன், ஒடிஞ்ச கையையும் பாத்தேன். அதுக்கு முன்னால அவன் வெட்டினான். அதையும் பாத்தேன்."

வக்கீல் வேறு விதமாகவெல்லாம் கேட்டுப் பார்த்தார். அவள் சொன்னதையே திரும்பச் சொன்னாள். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தார். சேராமல் போன எலும்போடு முனீஸ்வரனின் கை வளைந்து தொங்கியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு ஆயுள் தண்டனை. அன்றைக்குக் காவியாவும் வருகிறேன் என்றாள். பரீட்சை இருக்கிறது என்று முப்பிடாதிதான் விட்டுவிட்டு வந்தாள். உக்கிரபாண்டி ஆட்களோடு வந்திருந்தார். தீர்ப்பைக் கேட்டதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வெளியே வந்து அவள் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். பாரமான கை. அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் தலையில் இருப்பது போல இருந்தது.

கோவில்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பிய பிறகுதான், முன்சீட்டில் இருப்பது பாண்டிச்செல்வி என்று பின்னங்கழுத்தை வைத்துத் தெரிந்தது. மெலிந்து போயிருந்தாள். எட்டயபுரம் தாண்டி, மழை பெய்த கரிசல் இருபக்கமும் கறுத்துக் கிடந்தது. மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. பாண்டிச்செல்வி கம்பியில் தலையை முட்டியபடி தூங்கிப்போனாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் தலை மோதியது. முழிப்பு வரவில்லை.

கோவில்பட்டியில் எல்லாரும் இறங்கினார்கள். முப்பிடாதியும் படி வரைக்கும் போனாள். கண்டக்டர் பின்பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வந்து பாண்டிச்செல்வியின் தோளைத் தொட்டாள்.

"எக்கா, எந்திரி. ஊரு வந்துட்டு."

பாண்டிச்செல்வி விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்தாள். முப்பிடாதி சீட்டுக்கடியில் கிடந்த அவள் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு முன்னால் இறங்கினாள்.