பக்கத்து அறைச் சம்பந்தி

மால்சுன் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் நின்ற பணிப்பெண் அவளை ஏற இறங்கப் பார்த்து, "சம்பந்தி விருந்துக்குத்தானேம்மா?" என்றாள். கேட்டிருக்கவே வேண்டாம். ஐம்பத்தெட்டு வயதில் அழகு நிலையத்துக்குப் போய்த் தலையைச் சுருட்டிக்கொண்டு, புதுக் கருநீலக் கோட்டும் பாவாடையுமாக, பரீட்சைக்குப் போகிறவள் முகத்தோடு ஒருத்தி சனிக்கிழமை மத்தியானம் பூசானில் இந்த மாதிரி இடத்துக்கு வேறு எதற்கு வருவாள்? கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்கிற சாப்பாடு அது. அதற்கென்றே பேர் வாங்கிய கடை. தனித்தனி அறை, காகிதம் ஒட்டிய இழுப்புக் கதவு, அடக்கமாகப் பேசும் பணிப்பெண்கள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. வாங்க."

மால்சுனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணி பதினொன்று நாற்பதுதான் ஆகிறது. பன்னிரண்டுக்கு என்றுதானே பேச்சு! மாப்பிள்ளை வொன்ஜேயின் அப்பா அம்மா சியோலிலிருந்து ரயிலில் வருகிறார்கள், அவனும் தானும் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவார்கள், அம்மா நேராகக் கடைக்கு வந்துவிட வேண்டும் என்று மகள் போரம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். முந்தின ரயிலைப் பிடித்துவிட்டார்களோ என்னவோ. பெண்ணைப் பெற்றவள் பிந்தி வந்தாள் என்று ஆகிவிட்டதே என்று நொந்துகொண்டே அவள் நடைவழியில் ஓடாத குறையாகப் போனாள். மகள் சொன்ன இன்னொன்றையும் மனதுக்குள் ஒருதரம் ஒப்பித்துப் பார்த்துக்கொண்டாள். போரத்தின் அப்பா ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறார். என்ஜின் பகுதி. இப்போது ஆப்பிரிக்கா பக்கம். இலையுதிர் காலத்தில்தான் வருவார்.

உண்மையில் அவர் எந்தக் கப்பலிலும் இல்லை. ஒன்றரை மணி நேரப் பஸ் தூரத்தில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். போரத்துக்கு ஏழு வயது நடக்கும்போது போனவர். அன்றைக்குப் பன்றி எலும்பு சூப் கடையின் சமையல்கட்டில் நுழைந்த மால்சுன், இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் கொதிக்கிற அண்டாவின் முன்னால் நிற்கிறாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் போரத்துக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. விஷயம் தெரிந்ததும் அவனுடைய அம்மா, "தகப்பன் விட்டுட்டுப் போன வீட்டுப் பொண்ணா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதோடு முடிந்தது. போரம் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. தன்னால் வந்த வினை என்று மால்சுன் அந்த மாதம் முழுக்க மகளின் முகத்தைப் பார்க்கவே கூசினாள். ஆகவே இந்தத் தடவை மகள் கப்பல் என்று சொன்னால் கப்பல்தான்.

கதவு விலகியது. உள்ளே இருந்த கணவனும் மனைவியும் அரக்கப் பரக்க எழுந்து இடுப்பை வளைத்து வணங்கினார்கள். மால்சுன் அவர்களை விடவும் ஒரு சாண் கூடுதலாக வளைந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி, லேட் பண்ணிட்டேன்."

"ஐயோ, லேட்டெல்லாம் இல்லீங்க! நாங்கதான் வீட்ல இருப்புக் கொள்ளாம சீக்கிரமே வந்துட்டோம். உக்காருங்க, உக்காருங்க. பிள்ளைங்க வழியில வந்துட்டிருக்காங்க."

அந்த அம்மாள் குண்டாக, சிவப்பாக, வாய் நிறையப் பேசுகிறவளாக இருந்தாள். சியோல்காரியின் பேச்சு மழமழவென்று இருக்கும் என்று பயந்துகொண்டு வந்தவளுக்கு, மீன் சந்தையில் கேட்கிற அதே பூசான் பேச்சு காதில் விழுந்தது வெல்லமாக இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து போய் சியோலில் குடியேறியவர்கள் போலிருக்கிறது, போரம் சொல்லவே இல்லையே என்று நினைத்துக்கொண்டாள். அவள் கணவர் ஒல்லியாக, வெயிலில் கருத்து, டை கழுத்தை நெரிக்கிற அவஸ்தையோடு உட்கார்ந்திருந்தார்.

தேநீர் வந்தது. அரிசி மாவுப் பலகாரம் ஒரு தட்டு வந்தது. பலகாரம் தீர்ந்ததும் மால்சுனின் கை அவளைக் கேட்காமலே காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தேநீர் சிந்திய இடத்தைக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மேஜை ஓரத்துக்கு நகர்த்தியது. வெளியே சாப்பிடப் போனால் அவளுக்கு இதே வியாதி. கடை விடுமுறை நாளில் மகளோடு கறுப்பு அவரை நூடுல்ஸ் சாப்பிடப் போவாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து பக்கத்து மேஜைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். "அம்மா, இது நம்ம கடை இல்ல, உக்காரு" என்று போரம் பாவாடையைப் பிடித்து இழுப்பாள். ஒரு தடவை யாரோ மால்சுனைக் கூப்பிட்டு ஊறுகாய் இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். அவளும் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

"விடுங்க சம்பந்தி, அவங்க வந்து எடுத்துக்குவாங்க" என்று சிரித்த அந்த அம்மாள், குரலைத் தாழ்த்தி, "அவர் வரலீங்களா?" என்றாள்.

வந்துவிட்டது. மால்சுன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அவர் கப்பல்ல இருக்காருங்க. ஆழ்கடல் மீன்பிடிக் கப்பல். என்ஜின் பகுதி. இப்ப ஆப்பிரிக்கா பக்கம்."

அதுவரை டையோடு மல்லாடிக்கொண்டிருந்த மனிதரின் முகம் திடீரென்று விளக்கேற்றியது மாதிரி ஆனது. "அட! நானும் முப்பது வருஷம் ஆழ்கடல்தான்! எந்தக் கப்பல்? சூரை மீனா, கணவாயா? லாஸ் பால்மாஸ் துறைமுகமா? என்ஜின்ல தலைமையா, ரெண்டாவது ஆளா? பேரைச் சொல்லுங்க, எனக்குத் தெரியாத ஆளே இருக்க மாட்டான்!"

ஊரில் இத்தனை தொழில் இருக்க, இந்த மனுஷனும் கப்பல்காரராகவா வந்து உட்கார வேண்டும்! மகள் சொல்லிக் கொடுத்ததில் சூரையும் இல்லை, கணவாயும் இல்லை. மால்சுன் திருதிருவென்று விழித்தாள். கணவாய் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் ஆசையோடு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். பழைய கூட்டாளி ஒருத்தன் கிடைத்துவிட்ட சந்தோஷம் அந்த முகத்தில். அதற்கு மேல் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"கப்பல் எல்லாம் இல்லீங்க" என்றாள். "எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு. பொண்ணுக்கு ஏழு வயசுல. நான் சூப்புக் கடையில வேலை செஞ்சு அவளைப் படிக்க வச்சேன். சொன்னா நீங்க வேண்டாம்னுடுவீங்களோன்னு பயந்து அவதான் இப்படிச் சொல்லச் சொன்னா. தப்பு என்னோடது. பிள்ளையை ஒன்னும் நினைச்சுக்காதீங்க. அது தங்கமான பிள்ளை."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் மேஜையைச் சுற்றி வந்து மால்சுனின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க பையன் எங்ககிட்ட எதுவுமே சொல்லலீங்க, எமகாதகன். சரி, அதனால என்ன இப்போ? இதோ உக்காந்திருக்காரே, இவர் கப்பல்லதான் இருந்தாரு. முப்பது வருஷத்துல வீட்ல இருந்த நாளைக் கூட்டினா மூணு வருஷம் தேறாது. நானும் ஒத்தையிலதான் மூணு பிள்ளைய வளர்த்தேன். இவர் மாசாமாசம் பணம் அனுப்பினாரு, உங்க ஆளு அனுப்பல. அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஏய், என்னைக் கொண்டுபோய் எதோட சேர்க்கற?" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க."

மால்சுனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இருபத்திரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்ததை ஒரு பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டோமே என்று ஆச்சரியமாக இருந்தது. போரத்துக்கு இப்படி ஒரு மாமியாரா! கடவுளுக்குக் கண் இருக்கிறது.

அப்போது கதவு விலகியது. அவள் முன்பின் பார்த்தறியாத ஒரு பையன் நின்றான். அவனுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கோட்டும் டையுமாக அவள் அப்பா, பட்டுத் துணி சுற்றிய பழக்கூடையோடு அவள் அம்மா.

"அப்பா, இவங்க யாரு?" என்றான் பையன்.

அதன் பிறகு அந்த அறையில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. எல்லோரும் எல்லோரையும் வணங்கினார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். பணிப்பெண் ஓடிவந்து, இன்றைக்கு ஐந்து அறையிலும் சம்பந்தி விருந்து, நான்தான் பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன் என்று கையைப் பிசைந்தாள். கப்பல்காரர் மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் மனைவி மட்டும் மால்சுனை நடைவழி வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். கோட்டின் காலரைச் சரிசெய்து விட்டு, காதோரம் சொன்னாள்: "அங்கயும் உள்ளதைச் சொல்லிடுங்க சம்பந்தி. பொய்னா ஞாபகம் வச்சுக்கணும். நம்ம வயசுக்கு அதெல்லாம் ஆகாது."

நடைவழியின் கோடியில் போரம் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா! எங்கம்மா போன? ஒன்பது தடவை கூப்பிட்டேன்!"

மால்சுன் பையைத் துழாவினாள். விருந்தில் மணி அடித்தால் அசிங்கம் என்று சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள். "பக்கத்து ரூம்ல உன் மாமியார்கிட்ட பேசிட்டிருந்தேன்டி."

"என்ன உளறுற? அவங்க உள்ள இருபது நிமிஷமா உக்காந்திருக்காங்க. வா சீக்கிரம். கப்பல் ஞாபகம் இருக்குல்ல? அப்பா கப்பல்ல இருக்காரு. வேற எதுவும் பேசாதம்மா, கெஞ்சிக் கேக்கறேன்." மகளின் கை சில்லென்று இருந்தது.

சரியான அறையில் இருந்தவர்கள் சரியாக அவள் பயந்த மாதிரியே இருந்தார்கள். வொன்ஜேயின் அப்பா ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா சாம்பல் நிற உடையில், கழுத்தில் ஒற்றை வரி முத்தோடு, அளந்து அளந்து பேசினாள். பையன் நெற்றி முழுக்க வியர்வை. வணக்கம் முடிந்து, ரயில் கூட்டத்தைப் பற்றியும் பூசானின் காற்றைப் பற்றியும் பேசி முடித்தபோது பணிப்பெண்கள் வரிசையாக வந்து மேஜையை நிரப்பினார்கள். சூப்பில் ஆவி பறந்தது. மூத்தவர் முதலில் ஸ்பூனைத் தொடாமல் மற்றவர்கள் தொட முடியாது. வாத்தியார் ஸ்பூனை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி பட்டும் படாமலும் சொன்னாள்: "போரத்தோட அப்பா கடல்ல இருக்கறதா வொன்ஜே சொன்னான். அவ்வளவு தூரத்துல... சிரமமான வேலைதான்."

தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஆமாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை. மால்சுன் மகளைப் பார்த்தாள். போரம் மேஜைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் இன்னொரு மாதம் அந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிடக்கும். சொல்லாவிட்டால் கல்யாணத்துக்கு அவர் எங்கே, பேரன் பிறந்தால் அவர் எங்கே என்று வாழ்நாள் முழுக்க இந்தப் பிள்ளை ஒரு கப்பலை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"இல்லீங்க" என்றாள் மால்சுன். "அவர் எந்தக் கடல்லயும் இல்ல."

பக்கத்து அறையில் சொன்ன அதே நாலு வாக்கியம்தான். சூப்புக் கடையையும் சொன்னாள். "இந்த விருந்துல பொய் சொல்ல வச்சது என்னோட பயம். அவளோடது இல்ல" என்று கடைசியில் ஒரே ஒரு பொய் சேர்த்துக்கொண்டாள்.

வாத்தியாரின் ஸ்பூன் பாதி வழியில் நின்றிருந்தது. அவர் அதை மெதுவாகத் திரும்ப வைத்தார். போரத்தின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மேஜைத் துணியில் விழுந்து பரவியது.

"நல்லவேளை" என்றாள் முத்துமாலைக்காரி, பெருமூச்சு விட்டு. "எனக்கு நடிக்கவே வராதுங்க."

மால்சுனுக்குப் புரியவில்லை.

"ரெண்டு மாசம் முன்னாடியே வொன்ஜே எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். உங்க மனசு நோகக் கூடாது, கப்பல்னு சொன்னா நம்பின மாதிரி இருங்கன்னு காலைல இருந்து போன்ல ஒரே பாட்டு. சியோல்ல ரயில் ஏறினதுல இருந்து நாங்க ரெண்டு பேரும் 'ஓ, அப்படியா'ன்னு சொல்லிப் பழகிட்டு வந்தோம். இவருக்குக் கடைசி வரைக்கும் சரியா வரவே இல்ல. பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரியே 'அப்படியா'ங்கறாரு. பயந்து போயி, நானே முதல்ல பேச்சை எடுத்துட்டேன்."

வாத்தியாரின் காது சிவந்துவிட்டது. போரம் திரும்பி வொன்ஜேயைப் பார்த்த பார்வையில், அவனுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு காத்திருப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. "நீ சொல்லிட்டியா? சொல்லிட்டு என்னையும் அம்மாவையும்..." என்று ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தோளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

வாத்தியார் தன் ஸ்பூனைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். முதுகை இன்னும் நேராக்கிக்கொண்டு, வகுப்பில் பெயர் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "சூப் ஆறுது. இன்னிக்கு நீங்க முதல்ல எடுங்க சம்பந்தி."

"ஐயோ, அதெப்படி! நீங்க பெரியவர்..."

"எடுங்க."

மால்சுன் ஸ்பூனை எடுத்தாள். அண்டாவிலிருந்து கிண்ணங்களுக்குச் சூப்பை ஊற்றிய கை, ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாது என்று கடையில் பேர் வாங்கிய கை, இப்போது பாதியைக் கிண்ணத்திலேயே கொட்டியது. மீதியை வாய்க்குக் கொண்டுபோனாள். எதிரே இரண்டு பேர், பக்கத்தில் இரண்டு பேர், எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் விழுங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.