கடற்கரை மணல்

பக்கவாதம் வந்தபின் நாக்கும் என் சொல் கேட்பதில்லை. குசினி வாசலில் கதிரையில் கிடந்தபடி மனைவி மக்டலினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில், டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன என் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

பட்டுப்போகும் எங்கள் ரோசாவில் மிஞ்சிய பச்சைத் தடிகளை வெட்டி, வேர்விட வைப்பதற்காகத் தும்புத்தூளோடு மணல் கலந்தாள். கடற்கரை மணல்! விசரி, கழுவக்கூட இல்லை. உப்பில் எந்தத் தடி வேர்விடும்?

இருந்த பலத்தையெல்லாம் திரட்டினேன்.

"உ... உப்பு!"

ஓடிவந்தாள். மாதக்கணக்கில் ஊமையாய்க் கிடந்தவன் பேசிவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கஞ்சிக்கு உப்புக் காணாதோ?"

இல்லையென்று தலையாட்டப் பார்த்தேன்; ஏலவில்லை.

ஒரு சிட்டிகை தூவி ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டு, கடைசித் தடியை ஊன்றப் போகும்போது சொன்னாள்:

"டொக்டரிட்டச் சொல்லிப்போடாதீங்கோ."