தெற்கு வாசலுக்கு முதல் கல்

“நீ தள்ளு மொதல்ல, கொத்தனாரு கலவையப் போட்டுகினு—”

“காயட்டும். காஞ்சா இன்னொரு தபா—”

“ஏய் ரூத்து, நான் பேசிகினு கீறேன்—”

“நீதான் மூணு நாளா பேசிகினு கீற. நான் இப்பதான் ஆரம்பிச்சிக்கிறேன்.”

கிருபாகரனின் கையில் ஒரு செங்கல் இருந்தது. அவன் மனைவி ரூத், கருகிப்போன வாசற்சட்டத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள். புடவையில் கரி அப்பியது. அவள் நகரவில்லை. கொத்தனார் முத்துசாமி சட்டியைக் கீழே வைத்துவிட்டு, இது இப்போதைக்கு முடியாது என்பதுபோலப் பீடி தேடினார்.

போன மாதம் கொடியேற்றத்தன்று பேராலயத்தின் கூரை எரிந்துபோனது. முன்பந்தலில் கட்டியிருந்த சீரியல் விளக்கிலிருந்து பொறி கிளம்பி, பெரிய வாசலைப் பிடித்து, அப்படியே உத்தரத்துக்கு ஏறியது. பழைய கற்சுவர்கள் மட்டும் நின்றன. உள்ளே நின்று அண்ணாந்தால் வானம். கடற்காற்று சுற்றிச் சுற்றி வந்து சாம்பலைக் கிளப்பிக்கொண்டே இருந்தது.

தெற்குச் சுவரில் இருக்கும் இந்தக் குட்டை வாசல் காலனிக்காரர்களுக்காக வைத்தது. பெரிய வாசல் ஊர்க்காரர்களுடையது. இப்போதெல்லாம் யாரும் யாரையும் தடுப்பதில்லை. ஆனாலும் காலனியில் வயதானவர்களின் கால்கள் தாமாகவே தெற்குப் பக்கம் திரும்பிவிடும். புதுக் கோயிலுக்கு ஒரே வாசல், இதை அடைத்துவிடலாம் என்று ஃபாதர் சொன்னதும், முதல் கல்லை நான் வைக்கிறேன் என்று கேட்டு வாங்கியவன் கிருபாகரன். அணுபுரத்தில் ஃபிட்டர் வேலை; அதற்காக இன்று லீவு போட்டிருந்தான்.

“எங்கம்மா எல்லம்மா சாவுற வரிக்கும் இந்தப் பொந்துல பூந்து பூந்து வந்தா. பொட்டியக்கூட இப்பிடித்தான் எடுத்தாந்தோம். நொழையல. சாய்ச்சிப் புடிச்சோம், உள்ள அவ உருண்டா. எனக்குக் கேட்டுச்சி. இத என் கையால அடைக்கணும். வேற இன்னா கேட்டேன் நானு?”

அந்தச் சத்தத்தை ரூத்தும் கேட்டிருந்தாள்.

“சரி. நெருப்பு அன்னிக்கி?”

“அன்னிக்கி இன்னா?”

“ஊரு மொத்தமும் எதுல வெளிய வந்திச்சி?”

“அவசரத்துக்கு வந்தாங்க. கக்கூஸ் ஜன்னலு இருந்தா அதுலயும் வந்திருப்பாங்க.”

முத்துசாமி சிரித்துவிட்டு, உடனே இருமினார்.

“நான் இங்கதான் நின்னேன். தலையக் குனிங்க, தலையக் குனிங்கன்னு தொண்ட கிழியக் கத்துனேன். அவங்களுக்குக் குனிஞ்சி பழக்கமில்ல. டங்கு டங்குன்னு இடிச்சிகினு வந்தாங்க. பெரிய வூட்டு பிரபாவதியம்மாவுக்கு நெத்தில தையலு.”

“சிரிப்புக் காட்டாத.”

“சிரிப்பா? அந்தம்மா என் கையப் புடிச்சிது. வெளிய வந்தப்புறமும் உடல. அவங்க நெலத்துலயே நாத்து நட்டு வளந்தவ நானு. ஒரு நாளு அவங்க வெரல் என் மேல பட்டதில்ல. அன்னிலேர்ந்து எனக்கு ஜெபம் வரல. ஜெபமாலைய எடுத்தா மொத மணிலயே நின்னுடுது. ஆண்டவரு இந்தப் பொந்துல வந்து இன்னமோ சொன்னாரு. இன்னா சொன்னாருன்னு எனக்குப் புரியறதுக்குள்ள நீ கல்லத் தூக்கினு வர்ற.”

“ஆண்டவருக்கு வேற வாசலே கெடைக்கலியா?”

“அதத்தான் நானும் கேட்டுகினு கீறேன்.”

பைக்கை மணலில் நிறுத்திவிட்டு ஃபாதர் ஆபிரகாம் வந்தார். காற்றில் அங்கி காலைச் சுற்றியது.

“இன்னும் ஆரம்பிக்கலையா கிருபா? ஏம்மா, நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க?”

“ரோட்டுல பேனரு கட்டிக்கிறீங்களே ஃபாதர், ஒரு உசுரு போவாம மாதா காப்பாத்துனாங்கன்னு. எப்பிடிக் காப்பாத்துனாங்கன்னு அதுல ஒரு வரி இல்லியே?”

“அற்புதம்மா அது. அற்புதத்துக்கெல்லாம் வழி எழுத மாட்டாங்க.”

“ஏன்?” என்றான் கிருபாகரன்.

ஃபாதர் அவனைத் திரும்பிப் பார்த்தார். ரூத்தும் பார்த்தாள்.

“இல்ல, கேக்கறேன். ஏன் எழுத மாட்டாங்க?”

“கிருபா, இந்த வாசல் நம்ம எல்லாருக்குமே அவமானம். இருந்த அடையாளமே தெரியாம போகட்டும்னுதானே செய்யறோம்? உங்களுக்காகத்தானே? பழசக் கிளறினா... கூரைக்குத் தேக்கு முழுக்க பிரபாவதியம்மா குடும்பம் தர்றாங்க. அவங்க மனசும் நோகக் கூடாதில்ல.”

கிருபாகரன் செங்கல்லை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். திரும்பவும் மாற்றினான். வைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. ரூத் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டத்திலிருந்து முதுகை எடுத்து, வாசலை விட்டு விலகி நின்றாள்.

“அவுங்கம்மாவுக்காக அவரு அடைக்கட்டும் ஃபாதர், நான் குறுக்க நிக்கல. ஆனா வர்ற ஞாயித்துக்கிழம பூசைல, அந்தம்மா மொத வரிசைல குந்திகினு கீறப்ப, இந்த வாசல யாருக்குன்னு வெச்சாங்க, அன்னிக்கி இதுல யாரு யாரு பொழச்சி வந்தாங்கன்னு, நீங்க மைக்குல சொல்லுவீங்களா?”