தேரிக்குப் போன எஞ்சின்

பியூலாவின் காரில் எஞ்சின் இல்லை என்று ஸ்கேனர் சொன்னபோது கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டு வாசலில் வேப்பமர நிழலாகப் பார்த்து நிறுத்தி, ஏசியைக்கூடப் போட்டிருந்தாள். டேஷ்போர்டில் கொஞ்ச நாளாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது என்னவென்று பார்க்கத்தான் அவள் கணவர் ஜெபசிங் அந்த ஸ்கேனரை ஆன்லைனில் வாங்கியிருந்தார். பார்ப்பதற்குத் தீப்பெட்டி மாதிரி இருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே அதற்கென்று இருக்கும் துளையில் செருகினால், வண்டிக்கு என்ன குறை என்று போனில் எழுத்தாக வரும். ஜெபசிங்கால் குனிய முடியாது. பியூலாதான் குனிந்து செருகினாள். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, போனைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"எஞ்சின் இல்லன்னு வருது" என்றார்.

பியூலா வண்டியை அணைத்துவிட்டு இறங்கி பானெட்டைத் திறந்தாள். இல்லைதான். பேட்டரி இருந்தது. வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும் டப்பா இருந்தது. நடுவில் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. எஞ்சினைப் பிடித்திருந்த நட்டுகளும் போல்ட்டுகளும் உருண்டுவிடாதபடி ஒரு துணியில் சேர்த்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. போனது அவசரத்தில் போகவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பானெட்டை மூடிவிட்டு வந்து மறுபடி சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது.

கொஞ்ச நாளாகவே கார் சத்தமில்லாமல் போகிறது என்பதை இரண்டு பேரும் கவனித்துத்தான் இருந்தார்கள். புதிதாகத் தார் போட்ட ரோடு, அதனால் அப்படிப் போகிறது என்று நினைத்திருந்தார்கள்.

பியூலாவுக்கு ஒரே ஒரு கவலை. ஜெபசிங்கை ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாசரேத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். அரசு பஸ்ஸில் சென்னை வரைக்கும் வண்டி ஓட்டியவர் அவர். இப்போது பஸ்ஸில் ஏறினால் நின்றுகொண்டு வர முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. இந்தச் சின்னக் கார் நின்றுவிட்டால் அவரும் நின்றுவிடுவார். எஞ்சின் இல்லாத வண்டியை நம்பி எப்படி இவ்வளவு தூரம் போவது என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு. நான் ஓடலையா?" என்றார் ஜெபசிங்.

பியூலா சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று மெக்கானிக் தங்கபாண்டியை வரச்சொன்னார்கள். அவர் பானெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இந்த வருசம் இது இரண்டாவது வண்டி என்றார். வேறு எஞ்சின் வைத்துத் தரலாம், ஆனால் பழையது ஒரு நாள் திரும்பி வந்தால் எங்கே உட்காரும் என்று கேட்டார். அது நியாயமாகத்தான் இருந்தது. போகும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். ஸ்கேனரில் குறையை அழிக்கிறதற்கு ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொட்டுவிடக் கூடாது. இப்போது கார் தன்னிடம் எஞ்சின் இல்லை என்று நமக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாக ஓடுகிறது. சொன்னதை நாம் அழித்துவிட்டால், எஞ்சின் இருக்கிறது என்று அது நம்ப வேண்டியதாகிவிடும். நம்பினால் தேடும். தேட ஆரம்பித்தால் ஓடாது.

அதனால் மஞ்சள் விளக்கை எரிய விட்டுவிட்டு, வழக்கம்போலப் போய் வந்தார்கள். பெட்ரோல் செலவாகவில்லை. ஆனாலும் செய்துங்கநல்லூர் பங்கில் கார் தானாகவே வேகம் குறைந்ததால், மரியாதைக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கருங்குளத்தை அடுத்த வாய்க்கால் பாலத்தின் மேல் கார் நின்றது. சாவியைத் திருப்பினால் விளக்குகள் எரிந்தன. கியரும் விழுந்தது. வண்டிதான் நகரவில்லை. பின்னால் வாழைத்தார் ஏற்றிய ஒரு லோடு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டு, பிறகு அதுவும் அடிக்காமல் காத்து நின்றது. ஜெபசிங்குக்கு அன்று காலையிலிருந்தே கால் வீங்கியிருந்தது, மூச்சும் கொஞ்சம் வாங்கியது. பியூலா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, இங்கேயிருந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னால் எவ்வளவு நேரத்தில் வரும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். கணக்கு சரியாக வரவில்லை.

அப்போது ஜெபசிங் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக எஞ்சின் சத்தம் கொடுத்தார்.

வாயை மூடி, நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். முதலில் உறுமல், பிறகு சீரான ஓட்டம். கார் நகர்ந்தது. பியூலா கியர் மாற்றும்போதெல்லாம் அவரும் குரலை இறக்கி ஏற்றினார். பாளையங்கோட்டை மார்க்கெட் நெரிசலில் கிளட்சை மிதித்தபோது அவர் சத்தத்தைத் தணித்து, சிக்னல் விழுந்ததும் கூட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் கார் வந்து நின்றபோது அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் என்று சைகை காட்டினார். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் அளந்து வைத்திருந்தார். மிச்சமிருந்த ஒரு வாய்த் தண்ணீரை பியூலா மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்தார்.

திரும்பும்போது, நான் சத்தம் போடுகிறேன், நீங்கள் சும்மா வாருங்கள் என்றாள் பியூலா. கோயில் பாடகர் குழுவில் மேல்குரல் பாடுகிறவள் அவள். அவளுடைய சத்தத்துக்குக் கார் ஓடியது, ஆனால் ஸ்கூட்டர் வேகத்தில்தான் ஓடியது. ஆழ்வார்திருநகரியில் சைக்கிளில் போன ஒருவர் அவர்களை முந்திப்போனார்.

இப்படியே எத்தனை நாள் போக முடியும்? தண்ணீர் குடிக்கக் கூடாத மனிதரைத் தொண்டை காயக் காய எஞ்சினாக வைத்துக்கொள்ள முடியாது. எஞ்சினைத் தேடிக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தார்கள்.

அதில் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. எஞ்சின் காரை விட்டுப் போயிருந்ததே தவிர, ஸ்கேனரை விட்டுப் போகவில்லை. டயாலிசிஸ் நாற்காலியில் ஒரு கை மெஷினோடு இணைந்திருக்க, மற்றக் கையில் போனை வைத்துக்கொண்டு ஜெபசிங் அதைக் கவனித்து வந்தார். எஞ்சினின் சூடு, அது சுற்றும் வேகம் எல்லாம் திரையில் வந்துகொண்டிருந்தன. காலையில் ஓடியது. வெயில் ஏறியதும் நின்றது. சாயங்காலம் கொஞ்ச நேரம் ஓடியது. ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, ஒரே பாரத்தை ஒரே மாதிரி இழுக்கிறது என்று அவர் பியூலாவிடம் சொன்னார். ரோட்டில் ஓடும் எந்த வண்டியும் அப்படி இழுக்காது. எங்கேயோ தண்ணீர் இறைக்கிறது என்பது அவர் முடிவு.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் காலையில் கிளம்பினார்கள். பியூலா மெதுவாகச் சத்தம் கொடுத்துக்கொண்டே ஓட்டினாள். ஜெபசிங் போனைப் பார்த்து வழி சொன்னார். சரியான திசையில் போனால் திரையில் எழுத்து கருத்தது. தப்பான திசையில் போனால் வெளுத்தது. மெஞ்ஞானபுரத்தைத் தாண்டியதும் நன்றாகக் கருத்துவிட்டது. அங்கிருந்து தேரிக்காடு ஆரம்பிக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் சிவப்பு மணல், நடுநடுவே பனை. மணலில் டயர் புதையாமல் இருக்க யாரோ பனைமட்டைகளை வரிசையாகப் போட்டு ஒரு பாதை செய்திருந்தார்கள். அதன் முடிவில் ஒரு முருங்கைத் தோட்டம். தோட்டத்துக் கிணற்றடியில், ஓலைக் கொட்டகையின் கீழ் அவர்களுடைய எஞ்சின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

தோட்டக்காரி செல்லத்தாய் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தாள். கார் வந்து நின்றதைப் பார்த்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். எஞ்சினையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுதா அண்ணாச்சி?"

ஜெபசிங் ஆமாம் என்றார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவளுடைய கரண்ட் மோட்டார் எரிந்துபோன வாரம் அது. நட்ட கன்றெல்லாம் தலை தொங்கிவிட்டது. குடத்தில் மொண்டு ஊற்றி அவளுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்தால், கிணற்றடியில் இது நின்றிருக்கிறது. யார் வீட்டு எஞ்சினோ என்று இரண்டு நாள் தொடாமல் இருந்தாளாம். மூன்றாம் நாள் அது தானாகவே இறைக்க ஆரம்பித்துவிட்டதாம். பெட்ரோல் கேட்கவில்லை. வெயில் படுகிறதே என்றுதான் கொட்டகை போட்டுக் கொடுத்தாளாம்.

"எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள் செல்லத்தாய். சொல்லிவிட்டு, பாத்தியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்து நின்றாள். கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன.

பியூலா எஞ்சின் பக்கத்தில் போய் அதன்மேல் கை வைத்தாள். மெல்லிய அதிர்வு உள்ளங்கையில் ஏறியது. தெரிந்த அதிர்வுதான் அது. ஜெபசிங்கின் இடது கையில், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் ஒன்று உண்டு. தினமும் காலையில் எழுந்ததும் அதில் கை வைத்து, உள்ளே இரைச்சல் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தாள் நர்ஸ். ஓடினால் எல்லாம் சரி. பியூலா பல் விளக்குவதற்கு முன்பே அதைத்தான் பார்ப்பாள். எஞ்சினும் அதே மாதிரிதான் இரைந்தது.

ஜெபசிங் ஸ்கேனரைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். எஞ்சினில் தொங்கிக்கொண்டிருந்த ஒயரில் அதைச் செருகினார்கள். திரையில், கார் இல்லை என்று வந்தது. குறையை அழிக்கவா என்றும் கேட்டது. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கூட்டிட்டுப் போயிருவமாங்க?" என்று கேட்டாள் பியூலா.

அவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விதித்த தண்ணீரைப்போலப் பல மடங்கு தண்ணீர் ஒவ்வொரு பாத்திக்கும் போனது. இங்கே அதற்கு வேலை இருக்கிறது என்றார். காருக்கு ஓட எஞ்சின் வேண்டியிருக்கவில்லை, இவ்வளவு நாள் ஓடிற்றே என்றார். பின்னே ஏன் அன்றைக்குப் பாலத்தில் நின்றது என்பதுதான் தனக்குப் பிடிபடவில்லை என்றார்.

பியூலாவுக்குப் பிடிபட்டது. அவர் சென்னை வண்டியில் போன வருசங்களில், வீட்டில் அவர் இல்லாமலேதான் எல்லாம் நடந்தது. அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். மதுரையிலிருந்து ஒரு போன், விழுப்புரத்திலிருந்து ஒரு போன் வரும். ஒரே ஒரு தடவை, விக்கிரவாண்டிப் பக்கம் வெள்ளம் வந்து போன் எதுவும் வராமல் போனது. அன்றைக்கு அவள் அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, அதை உலையில் போட மனசில்லாமல் அடுக்களையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"காருக்கு ஆள் பக்கத்துல வேண்டாங்க. எங்க இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

சொல்லிவிட்டுப் போய், காரை எஞ்சினுக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினாள். செல்லத்தாய் கொட்டகை ஓலையைச் சற்று விலக்கிக் கொடுத்தாள். பியூலா பானெட்டைத் திறந்து வைத்தாள். பிறகு மூன்று பேரும் அந்த இரண்டையும் தனியே விட்டுவிட்டு ஒரு பனை நிழலுக்குப் போனார்கள். செல்லத்தாய் நுங்கு வெட்டினாள். ஜெபசிங் தனக்குக் கூடாது என்று கையைக் காட்டினார். அவருக்கு மட்டும் ஒரு நுங்கின் ஈரத் தோலைச் சீவி உதட்டில் தேய்த்துக்கொள்ளக் கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்றார்.

எஞ்சின் நிற்காமல் இறைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது காரில் மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. யாரும் எதையும் அழிக்கவில்லை. பியூலா நட்டுகளையும் போல்ட்டுகளையும் துணியோடு எடுத்துச் செல்லத்தாயிடம் கொடுத்தாள். அதற்குத் தேவைப்பட்டால் கேட்கும் என்றாள். செல்லத்தாய் பின்சீட்டில் ஒரு கட்டு முருங்கைக்காயை வைத்து, வழியனுப்பினாள்.

திரும்பும்போது யாரும் சத்தம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கார் பனைமட்டைகளின் மேல் அலுங்காமல் போய் ரோட்டில் ஏறியது. வெயில் சாய்ந்திருந்தது. தாங்கள் இரண்டு பேருமே பின்சீட்டில், நடுவில் முருங்கைக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பியூலா மெஞ்ஞானபுரம் நெருங்கும்போதுதான் கவனித்தாள். அசதியில் அப்படியே ஏறியிருக்கிறார்கள். ஜெபசிங்கும் கவனித்தார். முன்னால் ஸ்டீயரிங் ஒரு வளைவுக்குத் திரும்பி, பிறகு நேரானது.

மெஞ்ஞானபுரம் விலக்கு ரோட்டில் சுவர்க்கடிகாரம் ஒன்றை அணைத்துக்கொண்டு நின்ற ஒரு மனிதர் கையைக் காட்டினார். கார் நின்றது. அவர் முன்பக்கக் கதவின் கண்ணாடி வழியே குனிந்து, நாசரேத் போகுமா என்று டிரைவர் சீட்டைப் பார்த்துக் கேட்டார். பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நடுநடுவே கேட்டுக்கொண்டும் வந்தார். ஒரு இடத்தில் சிரித்தார்.

நாசரேத் கடைத்தெருவில் இறங்கும்போது கடிகாரத்தைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, பின்சீட்டுப் பக்கம் குனிந்தார்.

"ஓட்டுதவங்க ரொம்ப நல்லா ஓட்டுதாங்க அண்ணாச்சி. ஒரு குலுக்கல் இல்ல."

"என் வீட்டுக்காரிதான்" என்றார் ஜெபசிங். "அம்பது வயசுக்கு மேலதான் படிச்சா. எனக்காகத்தான் படிச்சா."

பியூலாவுக்கு வெட்கமாக இருந்தது. முருங்கைக்கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார் வீட்டைப் பார்த்துத் திரும்பியது.