கடைசி வளைவில் மெத்தனால்

1.
இந்தக் கதையை ஒரு குற்ற உணர்ச்சியில்தான் எழுத ஆரம்பித்தேன். நாலு தொடக்கம் எழுதிப் பார்த்தேன். ஒன்று இது:

டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகும். சூடான காற்று உள்ளே போனால்...

(பாடப்புத்தகம். அடித்துவிட்டேன். எவாந்தியா இதைவிட நன்றாகச் சொல்வாள்.)

2.
திரிக்கலா ஊருக்கு மேலே கார்களின் மலையேற்றப் பந்தயம். அடிவாரத்தில் எவாந்தியா தம்பியின் காருக்குள் தலையை விட்டிருந்தாள். இன்ஜினை ட்யூன் செய்தவள் அவள், ஓட்டுபவன் திராசோஸ். பக்கத்து வீட்டுக்காரன் நான், கேன் தூக்கப் போனவன்.

"அக்கா, அந்தக் காவல் ஒயரைக் கழட்டு. ப்ராக்டீஸ்ல ரெண்டு தடவ கடைசி வளைவுல டர்போவ அடக்கிடுச்சு. நாலு செகண்ட் போச்சு."

"சூடான காத்தக் குளிர வைக்கிற மெத்தனால் தூவல் குறைஞ்சா, டர்போவ அடக்கத்தான்டா அத வச்சேன். அந்தக் குளிர்ச்சிய நம்பித்தான் தீப்பொறிய முன்கூட்டியே விழ வச்சிருக்கேன். தூவல் நின்னா பிஸ்டன் உருகிடும்."

"பொய்யா கத்துது அது."

அவள் தூவும் முனையைக் கழற்றி ஊதினாள். அடைப்பில்லை. பம்பை ஓடவிட்டு அளவுக் குவளையில் பிடித்தாள். சரியாக இருந்தது. பிறகு மெத்தனால் டாங்க்கைச் சாய்த்துப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"பாதி டாங்க்குதான் இருக்கு. வளைவுல ஒரு பக்கமா ஒதுங்கிடுது, பம்பு காத்த உறிஞ்சுது. அது பொய் சொல்லலடா."

டாங்க்கை நிரப்ப வேறு மெத்தனால் கைவசம் இல்லை.

"பழைய ட்யூன் போடுறேன். மெத்தனாலே வேணாம்."

"அதுக்கு நான் பஸ் ஓட்டப் போயிருப்பேன்."

"அப்ப காவல் இருக்கும். மூணாவதா வா. முழுசா வா."

(முதல் பிரதியில் இங்கே அவளை அழவைத்திருந்தேன். அவள் அழுகிறவள் அல்ல. ஸ்பேனரைத் துடைத்து வைத்தாள், அவ்வளவுதான்.)

3.
அவள் பந்தயப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போன இரண்டு நிமிடத்தில் திராசோஸ் அந்த ஒயரைப் பிடுங்கி, துண்டுக் கம்பியால் முறுக்கி, தூவல் எப்போதும் சரியாக இருப்பதாகக் காவலை ஏமாற்றினான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பாக்கல."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

4.
முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் அவன் ஜெயிக்கிறான். மற்றதில் பிஸ்டன் உருகி, எண்ணெய் பின்சக்கரத்தில் வழிந்து, வளைவுக்கு அப்பால் தடுப்புச் சுவரும்...

இரண்டையும் கிழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கார் புறப்பட்டுவிட்டது. ஒன்பது வளைவுகள். கையில் ரேடியோவுடன் எவாந்தியா சத்தத்தை வைத்தே எண்ணுகிறாள். நான்கு. ஐந்து. சட்டென்று என் பக்கம் திரும்புகிறாள்.

"அண்ணே, நீங்க இங்கதான இருந்தீங்க. அந்த ஒயர்ல கை வச்சானா?"

ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னால் அவன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவான். சொன்னால், பார்த்தும் சிரித்தவன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறக்கிறேன். இந்த இடத்தில்தான் என் பேனா ஒவ்வொரு முறையும் நிற்கிறது.

நீங்கள் சொல்லுங்கள். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். ஏழாவது வளைவு வந்துவிட்டது.