கழித்த வானம்

மூன்று வருஷமாகத் தமிழ்மதி தேடியது ஒரு நட்சத்திர மண்டலத்தைச் சுற்றிப் பரந்து கிடக்க வேண்டிய வாயுவை. பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதித்து, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றோடிய வாயு. எக்ஸ் கதிரில் மங்கலாகத் தெரிய வேண்டும். விண்கலம் எடுத்த படங்களை எப்படி அலசினாலும் விடை பூஜ்யம்தான். 'வாயு இல்லை' என்றே ஆய்வேட்டை முடித்து, திண்டுக்கல்லில் பைண்டிங்கும் போட்டாயிற்று. நாளைக்கு ஒப்படைக்க வேண்டும். அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை.

தாடிக்கொம்பு வீட்டில் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த கணவன் ஆனந்த்ராஜ் கேட்டான்.

"இல்லேன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பக்கத்துல வெறும் வானமா ஒரு இடம் எடுத்துக்கிருவேன். அங்க வர்ற வெளிச்சத்த இங்க வர்றதுலருந்து கழிச்சா, மிச்சம்தான் வாயு. மிச்சமே இல்லங்க."

"அந்த வெறும் இடம் எங்க இருக்கு? வரைஞ்சு காட்டு, ஸ்கேலோட."

அவன் சர்வேயர். சோறு ஆறினாலும் ஆறட்டும், அளவு தெரியாமல் கை வைக்க மாட்டான். தமிழ்மதி முறைத்துக்கொண்டே காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தாள். நட்சத்திரங்கள் இருக்கும் பகுதி அது. வாயு அதைப்போலப் பத்து மடங்கு பரவியிருக்கும் என்று காலித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வட்டம் போட்டாள். பிறகு, தான் எடுத்த வெறும் வானத்துக்கு அதே அளவில் ஒரு புள்ளி.

புள்ளி வட்டத்துக்கு உள்ளே விழுந்தது.

"ஏம்மா, பக்கத்து நெலம்னு சொல்லிட்டு அதே நெலத்துக்குள்ளயே கல்லு நட்டிருக்க?" என்றான் அவன்.

பளிச்சென்று தெரியும் நடுப்பகுதியைத் தாண்டினால் வெட்டவெளிதான் என்று முதல் வருஷமே முடிவு கட்டியவள் அவளேதான். அன்றைக்குத் தேர்ந்தெடுத்த இடத்தை அதற்குப் பிறகு ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மடிக்கணினியைத் திறந்து, வெகுதூரம் தள்ளி வேறொரு இடத்தை எடுத்துக் கழித்துப் பார்த்தாள். சாயங்காலம் மிச்சம் வந்தது. மறுபடி கழித்தாள். மறுபடியும் வந்தது.

வழிகாட்டி மணிமேகலை மேடத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், நாளைக்கு தீசிஸ் குடுக்கல. இன்னும் ஆறு மாசமாவது ஆகும். வாயுவ வாயுலருந்தே கழிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

திட்டு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"எம்புட்டு இருக்கு?" என்றார் மேடம்.

"கொஞ்சம்தான் மேடம். ஆனா இருக்கு." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.