வெட்டுப்படாத வாசல்

வேலையிடத்தில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். அந்தக் கருவியை வைக்காமல் கண்ணாலேயே மட்டம் சொல்கிற டைல்ஸ் மேஸ்திரி அவர் ஒருவர்தான். நாற்பது வருடம் பிறத்தியார் வீட்டுத் தரைகளில் மண்டியிட்டு முழங்கால் தேய்ந்தபின், தன் வீட்டு முன்வாசலுக்குச் சாம்பல் நிறக் கல் பதித்தார். படியிலிருந்து கேட்டுவரை ஒரு கல்கூட வெட்டுப்படாமல் முழுசு முழுசாக உட்கார்ந்தது. நடுவில் ஒரே ஒரு தொல்லை. கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்கும் சேம்பரின் இரும்பு மூடி. அதை மறைக்கக் கூடாது, நாளைக்குத் தேவைப்படும் என்று மனைவி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். ஓரமாக நகர்த்திவிட்டதாக அவளிடம் சொல்லிவிட்டு, மூடியின் மேலேயே கலவையைக் கொட்டிக் கல்லை வைத்தார். ஊருக்கெல்லாம் மூடியை விட்டுப் பதித்த மனிதர் சொந்த வீட்டில் அடித்த கூத்து இது.

ஒன்பது வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, குளியலறையில் கழிவுநீர் எதிர்த்து வந்தது.

அந்த மாதம்தான் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை. கண் அழுத்த நோயில் வலக்கண் ஏற்கெனவே போய்விட்டது. இடக்கண்ணுக்கு மாதக் கடைசிக்குள் செய்தாக வேண்டும், போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். அதற்கான பணம் வங்கியில் இருந்தது. வேறு பணம் கிடையாது.

குழாய்க்காரர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, சேம்பர் எங்கே என்பதுதான். அதைத் திறந்து கேமராவை விட்டால் அடைப்பு இருக்கும் இடம் அரை மணியில் தெரியும் என்றார். கண்ணைக் கட்டிக்கொண்டு தோண்டினால் அடிக்கு அடி கூலி ஏறும், ஆழம் கூடினால் இன்னும் ஏறும், உடைத்த தரையைத் திரும்பப் போடுவது தனிச் செலவு என்றும் பொறுமையாக விளக்கினார்.

"அதைத்தான் அப்பவே ஓரமா நகர்த்திட்டாரே," என்ற மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். "காட்டுங்களேன்."

ரசமட்டம் மதிலோரம் செடிகள் இருந்த இடத்தைக் கை காட்டினார்.

"அங்கதான் எங்கயோ. மண்ணு மூடியிருக்கும்."

இரண்டு நாள் மதிலோரம் தோண்டியதில் புழுவும் செங்கல் துண்டும்தான் கிடைத்தன. கழிவறைப் பக்கமிருந்து விட்ட கேமரா வளைவில் முட்டி நின்றது. சரி, குழாயோடே போவோம் என்று குளியலறைத் தரையை உடைத்தார்கள். பிறகு கூடத்தை உடைத்தார்கள். நான்கு ஆட்களுக்குத் தினமும் சாயங்காலம் கூலி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ரசமட்டத்துக்கு வாய்வரை வரும். இன்றைக்கு எப்படியும் அடைப்பு அகப்பட்டுவிடும், வாசலும் தப்பும், மானமும் தப்பும் என்று விழுங்கிவிடுவார். பாழாய்ப்போன மானம்.

ஐந்தாம் நாள் காலை குழாய்க்காரர் வாசற்படியில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, இதுவரைக்கும் குழாய் நல்லாத்தான் இருக்கு. இனி உங்க வாசலைத்தான் உடைக்கணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"

ரசமட்டம் உள்ளே போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்துவந்தார். அளக்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. கேட்டிலிருந்து நான்காம் வரிசைக்கு நேராகப் போய், தேய்ந்த முழங்காலை ஊன்றி, ஒரே கல்லை உடைத்தார். அடியில் மூடி இருந்தது. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூடியைத் தூக்கியதும் அடைப்பும் தெரிந்தது. அன்று கொட்டிய கலவை மூடியின் இடுக்கு வழியாக உள்ளே ஒழுகி, குழாயின் வாயில் இறுகிக் கிடந்தது. ஒன்பது வருட அழுக்கு அதில் சேர்ந்து சேர்ந்து வழியை அடைத்திருந்தது. குழாய்க்காரர் கடப்பாரையால் நெம்பி அந்தக் கட்டியை வெளியே எடுத்துப் போட்டார். அரை மணிகூட ஆகவில்லை.

மனைவி படியில் நின்றிருந்தாள். "தெரிஞ்சேதான் நாலு நாளா பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?" என்றாள். அவர் கட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐந்து நாள் கூலியும் போட்டாக வேண்டிய தரைக்கான கல்லும் சிமென்ட்டும் போக, வங்கியில் பாதிப் பணம் மிஞ்சியது. மீதிக்கு மைத்துனன், பழைய முதலாளிகள், வட்டிக்காரர் என்று ஏறாத படி இல்லை. பணம் சேர மூன்று மாதம் பிடித்தது. மருத்துவர் இடக்கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, தாமதமாகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார்.

இப்போது மூடி வெளியே தெரிகிறது, மழைநீர் இறங்காதபடி ஒரு விரல் உயரமாக. சுற்றிலும் வெட்டிப் பொருத்திய கல். மனைவி காலால் துழாவிக்கொண்டு கேட்டுக்குப் போகும்போதெல்லாம் கட்டைவிரல் அதில் இடிக்கும். ஒருநாள் ரத்தம் வந்துவிட்டது. ரசமட்டம் பதறி, அதைத் தரையோடு இறக்கிவிடுகிறேன் என்றார்.

"வேண்டாங்க," என்றாள். "உங்க கல்லெல்லாம் காலுக்கு ஒரே மாதிரி இருக்கு. எங்க நிக்கிறேன்னே தெரியல. இது ஒண்ணை வச்சுத்தான் கேட்டு எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கிறேன்."

மூடியைத் தாண்டி ஆறு காலடி எண்ணி நடந்து, அவள் கேட்டைத் தொட்டாள்.